தையலில்லா அங்கி

'நான் நானாக இருக்க வேண்டும்' என்னும் தொடர் இன்று இளையோர் தியானங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. 2006-ஆம் ஆண்டு பதினைந்தாம் வயதில் இறந்து, 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அகுத்திஸ் என்னும் இத்தாலிய இளைஞர், தனித்தன்மையோடு பிறக்கும் மனிதர் பிறரின் நகலாகி மடியும் அவலத்தைப் பற்றிச் சொன்னதுண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் இளையோருக்கு எழுதிய ஏட்டில் அக்கருத்தை எடுத்தாண்ட பின், அது நம் பங்குகளின் அறிவிப்புப் பலகை வரை வந்துவிட்டது.

நகல் என்பதன் பொருளைத் திருப்பூருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே அச்சு என ஆயிரக்கணக்கான பனியன்களை வெட்டித் தைத்து மடித்துக் கப்பலேற்றும் ஊர் இது. ஆனால் இத்தொடர் இவ்வூரில் பேசப்படும்போது அதன் பொருள் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. என் விருப்பம், என் உணர்வு, என் அடையாளம் ஆகியவற்றை மறைக்காமல் காட்டுவதே நானாக இருத்தல் என்பது ஒரு பொருள். பீடத்தின் முன் முழந்தாளிடுபவனும் எந்திரத்தின் முன் அமர்பவனும் ஒரே மனிதனாக இருப்பதே நானாக இருத்தல் என்பது மற்றொரு பொருள். முன்னது தன்னைக் காட்டுவது. பின்னது தன்னைப் பிளக்காமல் இருப்பது. கிறித்தவ வாழ்வுக்கு உரியது பின்னதே என்பதும், அதற்கு நம் தமிழ்க் கத்தோலிக்க எழுத்து எவ்வளவு துணை நின்றிருக்கின்றது என்று ஆராய வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு இலக்கியத்தை ஏன் சான்றுக்கு அழைக்க வேண்டும்? ஒரு சமூகம் எந்த மொழியில் செபிக்கின்றது, வாழ்வின் எப்பகுதியைச் செபத்துக்குள் அனுமதிக்கின்றது, எதைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றி வைக்கச் சொல்கின்றது என்பதை அதன் எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். மறையுரையில் மறைக்க முடிந்தது கவிதையில் தெரிந்துவிடும்.

இரு சொற்கள்

நற்செய்தியில் இயேசு மிகக் கடுமையாகப் பேசும் இடங்கள் பல, ஊரறிந்த பாவிகளை நோக்கியவை அல்ல. ஊர் மெச்சிய பக்தர்களை நோக்கியவை. அங்கே கிரேக்க மூலத்தில் வரும் சொல், மேடையில் முகமூடி அணிந்து நடிக்கும் நடிகனைக் குறித்த சொல். சீர்திருத்த சபையார் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் தமிழ் வேதாகமம் அதனை 'மாயக்காரர்' எனப் பெயர்த்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'வெளிவேடக்காரர்' என்றது.

இரண்டும் ஒன்றல்ல. வேடம் பிறர் கண்ணுக்காகப் போடுவது; போட்டவனுக்கு அது வேடம் என்று தெரியும். இரவானால் கலைத்துவிடலாம். மாயமோ போட்டவனையே மயக்குவது. தன் பக்தியைத் தானே நம்பிவிட்டவன், தான் நடிக்கின்றோம் என்பதையே அறியான். மூலச் சொல்லின் மேடை மணத்தை 'வெளிவேடம்' காப்பாற்றுகின்றது. அதன் ஆழத்தை 'மாயம்' தொடுகின்றது. ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பொருளை இழப்போம். பிறர் ஏமாறுவதை மட்டும் கண்டு, நாம் ஏமாறுவதைக் காணாது போவோம்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இச்சொல் எங்கே வருகின்றது என்பதும் கருதத்தக்கது. அறம் செய்தல், இறைவேண்டல், நோன்பு என்னும் மூன்று நற்செயல்களிலே வருகின்றது. பொய்ம்மைக்குப் பாவத்தைக் காட்டிலும் புண்ணியமே வசதியான இருப்பிடம் என்பது இதன் பொருள். அதற்கு மாற்றாக இயேசு உள்ளறையைச் சுட்டுகின்றார். கதவடைத்துத் தந்தையோடு பேசச் சொல்கின்றார்.

இங்குத் திருப்பூர் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். பத்துக்குப் பத்து அளவில் ஒரே அறை. அதில் நால்வர் அல்லது ஒரு முழுக் குடும்பம். கழிப்பறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வரிசை. இதுவே லைன் வீடு. அடைக்கக் கதவு உண்டு. ஆனால் உள்ளே தனிமை இல்லை. இவர்களுக்கு உள்ளறை எது? யாரும் காணாத இடம் என்று மட்டும் பொருள் கொண்டால், ஏழைக்குச் செபமே இல்லை என்றாகும். யாருக்காகவும் நடிக்க வேண்டாத இடம் என்று பொருள் கொண்டால், ஓவர்லாக் எந்திரத்தின் இரைச்சலுக்குள்ளும் அவ்வறை திறக்கும். நம் பக்தி நூல்கள் முதற்பொருளோடு நின்றுவிட்டன. மெழுகுதிரியும் அமைதியும் குளிர்ந்த தோட்டமும் உடையவர்க்கே தியானம் என்ற எண்ணத்தை அவை வளர்த்துவிட்டன.

முன்சீபு பாடிய பாட்டு

நம் மரபில் இதற்கு விலக்கான ஒருவர் உண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, முன்சீபாக நீதிமன்றத்தில் பணியாற்றி, 1889-இல் மறைந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர். தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்டவர் என்ற அளவிலேயே பாடநூல்கள் அவரை நினைக்கின்றன. ஆனால் நம் பொருளுக்கு அவருடைய மற்ற நூல்களே முதன்மையானவை.

1859-இல் வந்த 'நீதிநூ'லில் கைக்கூலியைக் கண்டித்துப் பாடினார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் 'சித்தாந்த சங்கிரக'மாகத் தந்தார். 1878-இல் வெளிவந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில், இறைப்புகழ்ப் பாடல்களோடு இல்லறத்தையும் அரசுப் பணியையும் பற்றிய பாடல்களும் ஒரே தொகுதிக்குள் அமைந்தன. இந்தச் சேர்க்கைதான் முக்கியமானது. மாலைப் பூசைக்கு ஒரு மனிதன், காலைக் கச்சேரிக்கு வேறொரு மனிதன் என்று அவர் தம்மைப் பிரித்துக்கொள்ளவில்லை. வழக்கும் வழக்கறிஞரும் கைக்கூலியும் நிறைந்த அலுவலகம், அவரிடத்தில் பாட்டுக்குரிய பொருளாயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழுவதுண்டு. கீர்த்தனைகளில் அவர் கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான கடவுளைப் பாடினார். இது தம் அடையாளத்தை மறைப்பது ஆகாதா என்பது அது. ஆகாது என்பதே நம் முடிவு. 'தேவமாதா அந்தாதி'யும் 'திருவருள் மாலை'யும் பாடியவரும் அவரே. தம் சமயம் எது என்று ஊரறிய வாழ்ந்தவர், ஊராரோடு சேர்ந்து பாடுவதற்கென ஒரு பாட்டு வகையை உருவாக்கினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர் மீது 'குளத்துக்கோவை' பாடினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் அவர் பசித்தவர்க்குச் செய்த உதவியைக் கண்டு, 'நந்தனார் சரித்திரம்' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை இயற்றினார். தம்மை மறைத்துக்கொண்டவர்க்கு இத்தகைய நட்பு வாய்ப்பதில்லை. வேற்றுச் சமயத்தார் அவரிடம் கண்டது, தம்மோடு பொருந்திப்போகும் முகமூடியை அன்று. தம்மினின்று வேறுபட்டும் நம்பத்தக்க ஒரு முகத்தை.

வேடத்தைப் பற்றி அவருக்கே ஒரு நுட்பமான எண்ணம் இருந்தது. அவருடைய புதினத்தில் ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டை ஆள்கின்றாள். பெண் என்பதால் உலகம் காண மறுத்த அவளது ஆற்றலை அவ்வேடம் வெளிக்கொணர்கின்றது. எல்லா வேடமும் வெளிவேடம் அல்ல. மெலிந்தவர் பிழைப்பதற்காகப் பூணும் வேடத்தையும், வலியவர் ஏய்ப்பதற்காகப் பூணும் வேடத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

எனினும் வேதநாயகரின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அவர் நீதிபதியின் இருக்கையிலிருந்து பாடினார். கைக்கூலி வாங்குபவனை அவர் கண்டித்த அளவுக்கு, கொடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவனின் உள்ளத்துக்குள் அவர் நுழையவில்லை. கதை நடுவே அறிவுரை வந்து அமர்ந்துகொள்கின்றது. நீதிமன்ற முற்றத்தில் வெயிலில் காத்திருந்தவனின் குரலைக் கேட்கத் தமிழ்க் கத்தோலிக்க இலக்கியம் இன்னொரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

கருக்கின் இரு பக்கம்

அக்குரல் 1992-இல் பாமாவின் 'கருக்கு' என்னும் நூலாக வந்தது. பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம் போல் அமைந்திருக்கும் பற்களுக்குக் கருக்கு என்று பெயர். கடவுளின் வார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடும் எபிரேயர் திருமுகத்தையும் அத்தலைப்பு நினைவூட்டுகின்றது. ஒரு தலித் கத்தோலிக்கப் பெண் தன் ஊரையும் தெருவையும், பள்ளியையும் கோவிலையும், தான் சேர்ந்து பின் விட்டு வந்த கன்னியர் மடத்தையும் பற்றிச் சொல்லும் தன்வரலாறு அது. 2000-இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குச் சென்று உலகப் பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகின்றது. ஆனால் நம் பங்கு நூலகங்களில் அது எத்தனை இடத்தில் இருக்கின்றது?

திருச்சபையை இழித்துப் பேசும் நூல் என்று அதனை ஒதுக்கியவர் உண்டு. அவர்கள் அதனை முழுமையாகப் படித்திருக்க மாட்டார்கள். அந்நூலின் நடுநரம்பு வெறுப்பு அன்று. நூலில் இரண்டு வகையான விசுவாசம் எதிரெதிரே நிற்கின்றது. ஒன்று, சிறுவயதில் மனப்பாடமாக ஊட்டப்பட்டது; தண்டனைக்கும் பேய்க்கும் அஞ்சி ஒப்பித்தது. மற்றொன்று, வளர்ந்த பின் விவிலியத்தைத் தானே படித்து, ஏழைகளின் பக்கம் நின்று அநீதியைக் கண்டு சினந்த இயேசுவைத் தானே கண்டுகொண்டதால் வந்தது. அடங்கு, பொறு, பணி என்று மட்டும் கற்பித்தவர்கள், அந்த இயேசுவை ஏன் எனக்குக் காட்டவில்லை என்பதே நூலின் கேள்வி. இக்கேள்வியைக் கேட்பவர் நம்பிக்கை இழந்தவர் அல்லர். தமக்கு உரிய நம்பிக்கையைக் கோருபவர்.

நடையைப் பற்றிய விவாதமும் இங்கே பொருளுடையது. 'கருக்கு' தன் தெருவின் பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது. இலக்கியத்துக்கு ஆகாத கொச்சை என்று அன்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். ஆனால் மறைக்கல்வி நூலின் செந்தமிழில் ஒப்பித்த குழந்தை, தன் வலியை அச்செந்தமிழில் சொல்ல முடியாது. இரவல் மொழியில் உண்மையைச் சொன்னாலும் அது பாதிப் பொய்யாகிவிடும். தன் வாய்மொழியை எழுத்தில் வைத்ததன் வாயிலாக, கடவுளிடம் பேசவும் கடவுளைப் பற்றிப் பேசவும் தன் தெருவின் மொழி போதும் என்று பாமா நிறுவினார். இது வெறும் நடைப் புதுமை அன்று, இறையியல் செயல்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. சில இயல்களில் அனுபவத்தைக் காட்டிலும் கருத்துரை மிகுந்துவிடுகின்றது. மடத்து வாழ்வைச் சொல்லும் பகுதிகளில் தனி மனிதர்கள் உருப்பெறாமல் 'அவர்கள்' என்னும் திரளாகிவிடுகின்றனர். ஆனால் ஓர் இடத்தில் அந்நூல் அரிய நேர்மையைக் காக்கின்றது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய மடத்தில் சேர்ந்து, அங்கே வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே கற்பிக்க நேர்ந்து, மனம் பொறாமல் வெளியேறியவர், வெளியேறியதை வெற்றிக் கதையாக்கவில்லை. வேலையும் துணையும் இன்றி நின்ற தனிமையை, தன் ஊரிலேயே அந்நியமாகிப்போன தவிப்பை மறைக்காமல் எழுதுகின்றார். தன்னைப் பிளக்காமல் வாழ்வதற்கு ஒரு விலை உண்டு. அதைச் செலுத்திய பின் உடனே மகிழ்ச்சி வந்துவிடுவதில்லை. நம் சாட்சிக் கூட்டங்களில் சொல்லப்படும் கதைகள் அனைத்தும் அல்லேலூயாவில் முடிகின்றன. 'கருக்கு' அப்படி முடியாததனாலேயே நம்பத்தக்கதாகின்றது.

பனியன் நகரும் மே மாதக் கவிதையும்

இவ்விரு நூல்களையும் திருப்பூரில் வைத்துப் படிப்பதற்குக் காரணம் உண்டு. கோவை மறைமாவட்டத்தின் எல்லைக்குள் அமைந்த இப்பகுதியின் கத்தோலிக்கர் ஒரே வகையினர் அல்லர். பதினேழாம் நூற்றாண்டின் மதுரை மறைப்பணியில் வேர்கொண்ட கருமத்தம்பட்டி செபமாலை அன்னையை வணங்கி வரும் கொங்கு நாட்டுப் பழங்குடும்பங்கள் ஒருபுறம். 1970-களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கிய பின், தென்மாவட்டக் கரிசல் ஊர்களிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் மறுபுறம். அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சேர்ந்த பழங்குடி மக்களுள் கத்தோலிக்கரும் உளர். 'கருக்கு' பேசும் தெருக்களின் அடுத்த தலைமுறையும் இங்கே தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கின்றது.

இம்மக்களின் வாழ்வு எந்த எழுத்தில் வந்தது? சாயக்கழிவால் நிறம் மாறிய நொய்யலையும் குடிக்க நீரற்ற ஊரையும் சுப்ரபாரதிமணியன் 1998-இல் 'சாயத்திரை' புதினத்தில் எழுதினார். இந்நகரோடு சேர்ந்து வளர்ந்த நண்பர்களின் ஆசையையும் வீழ்ச்சியையும் எம். கோபாலகிருஷ்ணன் 2004-இல் 'மணல் கடிகை'யில் எழுதினார். முதல் புதினம் வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2011 ஜனவரியில், கழிவுநீரை முழுதும் சுத்திகரித்து ஒரு துளியும் ஆற்றில் விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதாவது, நீதிமன்றம் சொல்லும் முன்பே இலக்கியம் ஊரின் சாயத்தை வெளுத்துக் காட்டியிருந்தது. இரண்டும் சமயப் பத்திரிகைகள் வளர்த்த எழுத்துகள் அல்ல.

அதே காலத்தில் நம் சமய எழுத்து என்ன செய்தது? திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். அன்று முதல் மே மாதம் தோறும் நம் ஏடுகளில் உழைப்பாளர் கவிதை தவறாமல் வருகின்றது. அவற்றுள் ஏர் உண்டு, அரிவாள் உண்டு, வியர்வை முத்து உண்டு. ஒன்றரை ஷிப்ட் இல்லை. பீஸ் ரேட் இல்லை. பிசிறு வெட்டி வெட்டிக் காய்த்துப்போன விரல் இல்லை. சனிக்கிழமை இரவு சம்பளக் கவருக்காகக் காத்து நின்று, ஞாயிறு காலைத் திருப்பலியில் கண் செருகும் தாய் இல்லை. காணிக்கைச் செபம் அப்பத்தையும் இரசத்தையும் மனிதக் கைகளின் உழைப்போடு சேர்த்தே இறைவனிடம் ஒப்படைக்கின்றது. வழிபாடு உள்ளே அழைத்த உழைப்பை நம் கவிதை வெளியே நிறுத்திவிட்டது.

இது வெறும் கலைக்குறை என்று தள்ளத்தக்கதன்று. தன் தொழிலின் சொற்கள் ஒன்றுகூட இல்லாத செபத்தைப் பல்லாண்டுகள் சொல்லிவரும் ஒருவர், தன் தொழிலுக்கும் கடவுளுக்கும் தொடர்பில்லை என்று நம்பத் தொடங்கிவிடுவார். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பெடுத்துச் சென்று தேரிழுப்பவர், திருப்பூரில் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று யாருக்கும் தெரியாமல் வாழ்வதும் இதனால்தான். விசுவாசம் ஊரில் பத்திரமாக இருக்கின்றது. ஆள் மட்டும் இங்கே இருக்கின்றார்.

ஆடிட் நாள்

விசுவாசமும் வாழ்வும் இவ்வாறு பிளவுபடுவதை, நம் காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக எண்ண வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 43-ஆம் எண்ணில் எச்சரித்தது. பின்னலாடைத் தொழிலில் இப்பிளவுக்கு ஒரு தனிப் பெயரே உண்டு: ஆடிட்.

வெளிநாட்டு நிறுவனங்கள், தமக்குத் தைத்துத் தரும் ஆலைகளில் தொழிலாளர் நன்முறையில் நடத்தப்படுகின்றனரா என்று ஆள் அனுப்பிச் சோதிப்பது நல்ல நோக்கம் கொண்டது. அதனால் விளைந்த நன்மைகளும் உண்டு. ஆனால் பல நாட்டு ஆலைகளில், அந்த ஒரு நாளுக்கென வேறொரு ஆலை தோன்றி மறைகின்றது. முதலுதவிப் பெட்டி நிறைகின்றது. அவசர வழி திறக்கின்றது. கேட்டால் எட்டு மணி நேரமே வேலை என்று சொல்லப் பயிற்சி நடக்கின்றது. இந்த வேடத்தின் விலை என்ன என்பதை உலகம் கண்டது. 2012 செப்டம்பரில் கராச்சியில் 250-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட தீ விபத்து நடந்த ஆடை ஆலை, அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் தரச்சான்று பெற்றிருந்தது. 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கிருந்த ஆலைகளுள் சிலவும் சோதனை கண்டவையே. ஒரு வாரத்துக்குப் பின், மே முதல் நாளில், அத்தொழிலாளர் பெற்ற மாத ஊதியம் 38 யூரோ என்பதை எடுத்துச் சொல்லி, அதனை அடிமை உழைப்பு என்று திருத்தந்தை பிரான்சிஸ் கண்டித்தார். புனித யோசேப்பின் விழா அன்றைக்கு உண்மையான பொருள் பெற்றது.

நம்மிடையே ஆலை நடத்தும் கத்தோலிக்கர் உண்டு. பவர் டேபிள் போட்டு ஜாப் வொர்க் எடுப்போர், மேற்பார்வையாளர், கணக்கெழுதுவோர், செக்கிங் பெண்கள் எல்லாரும் உண்டு. ஆடிட் நாளில் பொய் சொல்லச் சொல்பவருக்கும் பொய் சொல்பவருக்கும் ஒரே ஆன்ம சோதனைக் கேள்வியைக் கொடுப்பது நீதியாகாது. ஞானாம்பாள் வழியாக நாம் கற்ற வேறுபாடு இங்கேதான் தேவை. உண்மை சொன்னால் மறுநாள் வேலை போகும் என்ற நிலையில் வாய் மூடும் பெண்ணின் பொய், முதலில் அவளுடைய பொய் அன்று. அவள் வாயில் வைக்கப்பட்ட பொய். அவளிடம் 'நீ நீயாக இரு' என்று மறையுரை ஆற்றுவதற்கு முன், அவள் தானாக இருக்கக்கூடிய ஓர் இடத்தை உண்டாக்க வேண்டியவர்கள் இருக்கின்றனர். ஒப்புரவுத் தொட்டியில், ஞாயிறு பூசை தவறியதைச் சொல்லும் முதலாளி, வாரம் முழுதும் தவறிய கூலியைச் சொல்வதில்லை என்றால், அங்கே மாயம் முழுமை அடைந்துவிட்டது என்று பொருள்.

பெயரைப் பற்றியும் இவ்வாறே சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆகஸ்டு 10-ஆம் நாளைத் திருச்சபை கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனாலேயே. இதன் விளைவாகச் சான்றிதழில் ஒரு பெயரும் திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயருமாக வாழ்பவர்கள் நம் பங்குகளில் உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ வாழ்வைக் கடைப்பிடித்துக்கொண்டே சலுகைக்காக வேறு சமயம் சொல்வதை அரசியல் சாசனத்துக்கு இழைக்கும் மோசடி என்றது. சட்டத்தின் பார்வையில் அது தீர்ப்பு. ஆனால் சமயம் மாறினாலும் தெருவும் தீண்டாமையும் மாறாத நாட்டில், உண்மையான பெயரைச் சொல்வதற்கு மட்டும் விலை வைத்தது யார் என்று நாம் கேட்காமல் இருக்கலாமா? கல்லறையிலும் தெருவிலும் சாதி பார்த்த பங்குகள் நம்மிடம் இருக்கும்வரை, இரு பெயர் கொண்டவரை வெளிவேடக்காரர் என்று அழைக்கும் தகுதி நமக்கு இல்லை.

அங்கி

இயேசுவைச் சிலுவையில் அறைந்த படைவீரர் அவருடைய மேலுடைகளைப் பங்கிட்டுக்கொண்டனர். உள்ளங்கி மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒட்டுத் தையல் இன்றி நெய்யப்பட்டிருந்ததால் அதைக் கிழிக்கவில்லை என்று யோவான் எழுதுகின்றார். திருச்சபைத் தந்தையர் அதில் திருச்சபையின் ஒருமையைக் கண்டனர். வட்டப் பின்னல் எந்திரத்தில் பக்கத் தையல் இல்லாமல் குழாய் போல் துணி இறங்குவதை நாள்தோறும் காணும் திருப்பூர், அதில் வாழ்வின் ஒருமையையும் காணலாம். தையல் போட்ட இடமே முதலில் பிரியும் என்பது இங்குள்ள ஒவ்வொரு டெய்லருக்கும் தெரியும். ஞாயிறையும் திங்களையும் ஒட்டுத் தையலால் இணைத்த விசுவாசம் அந்த இடத்தில்தான் பிரிகின்றது.

கொரிந்து நகரில் பவுல், அக்கிலா, பிரிஸ்கில்லா மூவரும் கூடாரத் தொழில் செய்தே நற்செய்தி அறிவித்தனர் என்று திருத்தூதர் பணிகள் பதினெட்டாம் அதிகாரம் சொல்கின்றது. அவர்களுக்குத் தொழில் வேறு, திருப்பணி வேறு என்றிருக்கவில்லை. அந்தப் பட்டறையின் பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை. நம் பட்டறைகளின் பேச்சேனும் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்க வேண்டும். வேதநாயகர் தம் கச்சேரியைப் பாட்டுக்குள் கொண்டு வந்தார். பாமா தம் தெருவை உரைநடைக்குள் கொண்டு வந்தார். ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒருவர், தம் சொற்களிலேயே, தம் மனக்குறையையும் சேர்த்து, கடவுளிடம் பேசும் ஒரு பக்கத்தை யார் எழுதப் போகின்றார்? அடுத்த மே மாத இதழ் அத்தகைய ஒரு பக்கத்தை முதலில் தேடட்டும். ஏரையும் அரிவாளையும் பற்றிய கவிதைகள் சற்றே காத்திருக்கலாம்.